ஃபலாஃபெல் பிட்டா: அடி ஊறுது, பக்கம் கிழியுது. எப்படி அடைக்கணும்?

கல்மண்டபம்_அடுக்களை:

ராயபுரம் பக்கம் ஒரு தெரு விழாவுக்கு மேசை போட்டு ஃபலாஃபெல் (ஊறின கொண்டைக்கடலையை அரைச்சுப் பொரிச்ச வடை) அடைச்ச பிட்டா (உள்ள பை மாதிரி திறக்கற ரொட்டி) 30 விக்கப் போறோம். சாயங்காலம் 5 மணியிலிருந்து 7 வரைக்கும். கைவேலைக்கு மூணு பேர், ரெண்டு பர்னர் அடுப்பு ஒண்ணு. வீட்ல 28 லிட்டர் ஓடிஜி (சின்ன கரண்ட் ஓவன்) இருக்கு.

ட்ரையல் போட்டதுல வந்த பிரச்சனை இதெல்லாம். வாயைப் பிளக்கும்போதே ஒரு பக்கம் கிழிஞ்சிடுது. தப்பிச்சது பத்து நிமிஷத்துல அடி ஊறி, சாஸ் மணிக்கட்டு வழியா முழங்கைக்கு இறங்குது. மேல கடிச்சா வெறும் கோஸ். ஃபலாஃபெல் மொத்தமும் கீழ உக்காந்திருக்கு. தஹினி (எள் விழுது) கசக்குது, எலுமிச்சம்பழம் பிழிஞ்சதும் திரிஞ்ச மாதிரி கட்டி தட்டுது.

கடையில விக்கிற குபூஸ் வாங்கிக்கலாமா, இல்ல பிட்டாவை நாமே சுடணுமா? எதுக்கு மேல எது, எவ்வளவு? 30க்குக் கணக்கோட சொன்னா உதவியா இருக்கும்.


இரும்புக்கல்:

முதல்ல ரொட்டியைப் பேசுவோம்கா. அது சரியில்லன்னா உள்ள என்ன அடுக்கினாலும் வேஸ்ட்டு.

குபூஸும் பிட்டாவும் ஒரே குடும்பம். ரெண்டுக்கும் உள்ள பை உண்டு. கிரேக்க பிட்டாவுக்குத்தான் பை கிடையாது, அது சுருட்டறதுக்கு. ஆனா நம்ம ஊர்ல பாக்கெட்ல வர்ற குபூஸ் ஷவர்மாவுக்குத் தோதா மெல்லிசா சுடறது. சுருட்டினா தாங்கும், பையா நிறுத்தி 200 கிராம் ஏத்தினா தாங்காது. மண்ணடி, பெரம்பூர் பக்கம் அன்னன்னிக்குச் சுட்டது தடியா கிடைச்சா வாங்கலாம். கவரோடயே லேசா மடிச்சுப் பாருங்க. மடிப்புல வெள்ளைக் கோடு விழுந்தா பழசு. ஃப்ரிட்ஜ் கண்ணாடிக்குள்ள அடுக்கி வச்சிருக்கறதை எடுக்காதீங்க. வெளிய கிடக்கறதைவிட அந்தக் குளிர்லதான் ரொட்டி சீக்கிரம் விறைக்கும். ஃப்ரீசர் வேற, அதுல கெடாது, விறைக்கறதும் நின்னுடும்.

நீங்களே சுடறதா இருந்தா 30க்கு: மைதா 1650 கிராம், தண்ணி ஒரு லிட்டர், உப்பு 32 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 9 கிராம், எண்ணெய் 35 மி.லி. நம்ம வெயிலுக்கு ஜில் தண்ணி ஊத்திப் பிசைங்க, அப்பவும் ஒரு மணி நேரத்துக்குள்ள இரட்டிப்பாயிடும். அதுக்கு மேல விட்டா புளிச்சு, தேய்க்கும்போது மாவு தொய்யும். 90 கிராம் உருண்டை, 17 செ.மீ. வட்டம். தடிமன் ரெண்டு சப்பாத்தி ஒட்டின அளவு, ஏறக்குறைய மூணரை மி.மீ. தேய்ச்சதும் துணி மூடி 10 நிமிஷம் விடுங்க.

உப்பாம போறதுக்குக் காரணம் பெரும்பாலும் இந்த மூணுல ஒண்ணா இருக்கும். கல்லு போதுமான சூடு இல்ல. மாவு மேல காத்து பட்டு காஞ்சு தோல் கட்டிடுச்சு. இல்லன்னா தேய்க்கும்போது மடிப்போ ஓட்டையோ விழுந்து ஆவி அங்கிருந்து தப்பிச்சிடுது. ஓடிஜியை 250ல வச்சு, இரும்பு தோசைக்கல்லைக் கவுத்து உள்ள வச்சு, அரை மணி நேரம் காய விடுங்க. கைப்பிடி இல்லாத கல்லா பாருங்க, இல்லன்னா கதவு மூடாது. கல்லு மேல போட்ட ரெண்டாவது நிமிஷம் உப்பும், மூணாவது நிமிஷம் எடுத்துடுங்க. செவக்கற வரைக்கும் விட்டா அப்பளம். எடுத்த உடனே துணிக்குள்ள போட்டு மூடணும், அந்த ஆவியிலதான் சுவர் மெத்துன்னு ஆகும்.

ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான் கல்லுல உக்காரும். கதவு திறந்து மூடின சூடு ஏற ஒரு நிமிஷம் சேத்தா, 30 சுட ரெண்டு மணி நேரம் தாராளமா ஆகும். அதனால முதல் நாளே சுட்டு, நல்லா ஆற விட்டு, பத்து பத்தா கவர்ல கட்டி ஃப்ரீசர்ல வச்சிடுங்க. சூட்டோட கட்டினா உள்ள வேர்த்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்.

இப்ப கிழியற விஷயம். ஆறின ரொட்டியைப் பிளக்கவே கூடாது. ஸ்டார்ச் இறுகிப் போயிருக்கும், வளையாம வெடிக்கும். இட்லிப் பானையில துணி விரிச்சு, நாலு நாலா அடுக்கி மூடி, ஒரு நிமிஷத்துக்குள்ள எடுத்து ஹாட் பாக்ஸ்ல துணி சுத்தி வைங்க. ஃப்ரீசர்லேருந்து எடுத்ததை மதியமே வெளிய வச்சு குளிர் போக விட்டுட்டு ஏத்துங்க. மைக்ரோவேவ்னா ஈரத்துணி சுத்தி 15 விநாடிதான். கூட ஓட்டினா ஆறினதும் ரப்பர்.

வெட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க. ஒரு பக்கம் மெல்லிசா, ஒரு பக்கம் தடியா இருக்கும். பெரும்பாலும் ரெண்டு சுவரும் ஒரே கனமா அமையாது. தடிச்ச சுவர் உள்ளங்கைப் பக்கம் வரணும், ஈரமும் கனமும் அந்தப் பக்கம்தான் சாயும். இது ஒண்ணு தெரியாமத்தான் பாதிப் பேர் மாவைக் குறை சொல்றாங்க.

விளிம்புலேருந்து 2 செ.மீ. விட்டு ஒரே நேர் வெட்டு, கத்தரிக்கோலே போதும். 17 செ.மீ. வட்டத்துக்கு வாய் 11 செ.மீ. கிடைக்கும், கை நாலு விரல் போகும். வெட்டி எடுத்த பிறை மாதிரித் துண்டைத் தூக்கிப் போடாதீங்க, அதுக்கு வேலை இருக்கு. வெட்டின இடத்துல கட்டை விரலை விட்டு மெதுவா உள்ள தள்ளிக்கிட்டே போங்க. கத்தியை விட்டு ஆட்டினா எதிர்ப் பக்கம் ஓட்டை விழும். பீச் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடையில முட்டையைக் கீறி வறுத்த வெங்காயம் அடைப்பாங்களே, மறுபக்கம் ஒட்டிக்கிட்டே இருக்கும்ல, அந்தக் கணக்கு. அடி முனை ரெண்டையும் பிரிக்கவே கூடாது. விளிம்புலேருந்து ஒரு விரல் அகலம் ஒட்டியே இருக்கட்டும்.

அடுக்கறது:

வெட்டின துண்டைப் பைக்குள்ள அடியில குறுக்கா போடுங்க. அது ஸ்பாஞ்சு மாதிரி, வழியற சாஸை அதுதான் குடிக்கும். அப்புறம் ஸ்பூன் பின்பக்கத்தால ஹம்மூஸ் (வெந்த கொண்டைக்கடலையும் தஹினியும் அரைச்ச விழுது) 25 கிராம், ஏறக்குறைய ஒண்ணரை டேபிள் ஸ்பூன், ரெண்டு சுவர்லயும் மெழுகற மாதிரி தடவுங்க. தடிச்ச சுவர்ல கொஞ்சம் கூட. எண்ணெய்ச் சத்து இருக்கறதால தக்காளித் தண்ணி ரொட்டியில இறங்காம தடுக்கும். டேஸ்டுக்குன்னு மட்டும் நினைச்சு நடுவுல ஒரு கரண்டி கொட்டறது தப்பு.

அதுக்கு மேல பிழிஞ்ச கோஸ் ஒரு சிட்டிகைதான். கொட்டிக் குவிக்காதீங்க. அதுமேல ஃபலாஃபெல் ரெண்டு, சுவரோட ஒட்டி நிக்கற மாதிரி. சாலட் ரெண்டு ஸ்பூன். தஹினி ஒரு டேபிள் ஸ்பூன். இதோட கீழ் மாடி முடிஞ்சுது. பிட்டாவை மேசையில ரெண்டு தட்டு தட்டி உக்கார வைங்க. மேல மறுபடி ஃபலாஃபெல் ரெண்டு, மிச்ச கோஸ், சாலட், ஊறுகாய், கடைசியா தஹினி. அப்பதான் முதல் கடியிலயும் ஃபலாஃபெல் வரும், கடைசிக் கடியிலயும் வரும். உங்களுக்கு மேல கோஸே வர்றதுக்குக் காரணம், எல்லாத்தையும் ஒரே தடவை கொட்டறது. கனமானது உருண்டு அடிக்குப் போயிடும், லேசானது மிதக்கும்.

ஒரு பிட்டாவுக்கு மொத்தம்: ஃபலாஃபெல் நாலு, ஹம்மூஸ் 25, தஹினி சாஸ் 40, சாலட் 40, கோஸ் 20, ஊறுகாய் 10 கிராம். 220, 230 கிராம் வரும். அதுக்கு மேல ஏத்தினா எந்த ரொட்டியும் வாயை விடும்.

சாலட்: வெள்ளரி, தக்காளி ரெண்டையும் விதை வழிச்சு எடுத்துட்டு அரை செ.மீ. சதுரமா வெட்டுங்க. நாட்டுத் தக்காளி வேண்டாம், பெங்களூர் தக்காளிதான், சதை கெட்டி. 30க்குத் தக்காளி ஒரு கிலோ, வெள்ளரி முக்கா கிலோ. விதை போனா 1200 கிராம் நிக்கும். உப்பு, எலுமிச்சை ரெண்டையும் அடைக்கறதுக்குச் சரியா முன்னாடி, பத்துப் பிட்டாவுக்குத் தேவையானதுல மட்டும் கலங்க. அஞ்சு மணிக்கே மொத்தத்துலயும் உப்பு போட்டீங்கன்னா ஆறு மணிக்கு அது ரசம். கோஸ் மட்டும் நேர் எதிர். முக்கா கிலோவுக்கு ஒண்ணரை டீஸ்பூன் உப்பு போட்டுப் பிசறி, கால் மணி நேரம் கழிச்சு ஒட்டப் பிழிஞ்சு வச்சிடுங்க.


எள்ளுருண்டை:

தஹினியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை மேலே உள்ளவர் சொல்லிவிட்டார்.

கசப்புக்கு முதல் காரணம் எள்ளின் தோல். மளிகைக் கடையில் வெள்ளை எள் என்று கேட்டால் இரண்டு வகை வரும். மங்கலான பழுப்பு வெள்ளை தோலோடு இருப்பது. தந்த நிறத்தில், விரலில் தேய்த்தால் வழுக்குவது தோல் நீக்கியது. பின்னதுதான் வேண்டும். இரண்டாவது காரணம் வறுவல். எள்ளுருண்டைக்கு வறுப்பதுபோல் பொன்னிறமாக வறுக்கக் கூடாது. சிறு தீயில் 4, 5 நிமிடம் கிளறி, வாசனை வந்து ஒன்றிரண்டு வெடித்ததும் இறக்கி உடனே தாம்பாளத்தில் கொட்டிவிடுங்கள். சூடான வாணலியிலேயே விட்டால் அதில் மேலும் வறுபட்டுக் கசக்கும்.

500 கிராம் எள்ளுக்கு எண்ணெய் 80 முதல் 100 மி.லி. இங்கே ஒரு தவறு நடக்கும். எள்தானே என்று செக்கு நல்லெண்ணெய் ஊற்றினால் அதன் வாசனை தூக்கலாகிப் புளியோதரை நினைவு வரும். மணமில்லாத சூரியகாந்தி எண்ணெய் போதும். மிக்சியில் முதலில் எண்ணெய் இல்லாமல் பொடியாக்கி, ஓரத்தை வழித்து வழித்து விட்டு, பிறகு சிறிது சிறிதாக எண்ணெய். ஜார் சூடானால் நிறுத்துங்கள். சொட்டினால் நாடா மாதிரி விழ வேண்டும்.

திரிவது போல் ஆவது கெட்டுப் போனதல்ல. எள் விழுதில் தண்ணீர்ப் பசை கொஞ்சமாகப் பட்டால் அதிலுள்ள மாவுப் பொருளும் புரதமும் அதைக் குடித்து இறுகும். எலுமிச்சைச் சாறும் தண்ணீர்தானே. அங்கேயே பயந்து நிறுத்துவதால்தான் கட்டி. குளிர்ந்த தண்ணீரை இரண்டு இரண்டு டேபிள் ஸ்பூனாக ஊற்றி அடித்துக்கொண்டே இருங்கள். நிறம் வெளுத்து, திடீரென்று இளகும். அதுதான் கணம். தோசை மாவைவிடச் சற்றுத் தளர்வாக நிறுத்துங்கள். சும்மா வைத்தால் மறுபடி இறுகும், விற்கும் நேரத்தில் ஒரு கரண்டி தண்ணீர் தயாராக இருக்கட்டும்.

முப்பதுக்குச் சாஸ் 1200 கிராம் வேண்டும்: தஹினி 500 கிராம், எலுமிச்சைச் சாறு 150 மி.லி., தண்ணீர் 500 மி.லி.யை ஒட்டி, பூண்டு 6 பல், உப்பு 3 டீஸ்பூன். பூண்டை மிக்சியில் போட்டு அரைக்காதீர்கள், அதுவும் ஒரு வகைக் கசப்பும் காரமும் தரும். உரலில் நசுக்கி எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் ஊற வைத்து, வடிகட்டிய சாற்றை மட்டும் சேருங்கள். பச்சைப் பூண்டு நெடி அடங்கிவிடும்.

ஹம்மூஸுக்குத் தனியாக 250 கிராம் கொண்டைக்கடலை, 150 கிராம் தஹினி. அதாவது எள் மொத்தம் 600 கிராமாவது வாங்குங்கள். கடலையைச் சோடா உப்பு அரை டீஸ்பூன் போட்டுக் குழைய வேகவிட்டு, விரலால் நசுக்கினால் வெண்ணெய் மாதிரி போக வேண்டும். சுவரில் தடவ வேண்டியது என்பதால் சற்றுக் கெட்டியாகவே விடுங்கள்.


வடைச்சட்டி:

ஃபலாஃபெல் பத்தி யாருமே பேசலியே.

இன்னா பண்ணாலும் கொண்டைக்கடலைய வேக வெக்காதீங்க. ஹம்மூஸுக்கு வேகணும், ஃபலாஃபெலுக்கு வேகக்கூடாது, ரெண்டையும் குழப்பிக்கினா எண்ணெய்ல போட்டதும் கரைஞ்சு சட்டி பூரா தூளு. மசால் வடைக்குக் கடலைப்பருப்ப வேக வெச்சா அரைக்கிறோம்? அதே ரூல்.

30க்கு 120 வில்லை, ஒண்ணு 25 கிராம், மாவு 3 கிலோ. காஞ்ச கொண்டைக்கடலை 1100 கிராம், ஊறினா ரெண்டு கிலோவுக்கு மேல வரும். வெங்காயம் அரை கிலோ, கொத்தமல்லி புதினா சேர்த்து 250 கிராம், பூண்டு 60 கிராம், சீரகத்தூள் 3 டேபிள் ஸ்பூன், தனியாத்தூள் 3 டேபிள் ஸ்பூன், உப்பு 2 டேபிள் ஸ்பூன் போட்டு ருசி பாத்து ஏத்துங்க. பார்ஸ்லி தேடி அலையாதீங்க, கொத்தமல்லி போதும்.

ஊற வெக்கிறது 12 மணி நேரம். நம்மூரு ராத்திரிச் சூட்டுக்கு வெளிய வெச்சா காலைல நுரை கட்டிப் புளிச்சிருக்கும். ஃப்ரிட்ஜ்ல வெய்ங்க, இல்ல நடுவுல ஒருவாட்டி தண்ணி மாத்துங்க. வடிச்சு, துணியில பரத்தி ஈரம் போவட்டும். இந்த ஈரம்தான் பாதிப் பேருக்கு வில்லன். வெங்காயத்தத் தனியா அரைச்சு பிழிஞ்சுட்டுச் சேருங்க.

மிக்சில கொஞ்சம் கொஞ்சமா, விட்டு விட்டு ஓட்டுங்க. தண்ணி சொட்டு கூடாது. ரவையவிட ஒரு சுத்து பெருசா இருக்கணும். கையில புடிச்சு அழுத்துனா நிக்கணும், உதுந்தா இன்னும் ரெண்டு சுத்து ஓட்டுங்க. அப்பவும் நிக்கலன்னா கிலோ கடலைக்கு 3, 4 டேபிள் ஸ்பூன் கடலை மாவு. அதுக்கு மேல போட்டா அது பக்கோடா. ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுத்து, பொரிக்கறப்ப மட்டும் சமையல் சோடா மொத்தத்துக்கு ஒரு டீஸ்பூன்.

உருண்டையா புடிக்காதீங்க. தட்டுல வெச்சுச் சாப்பிடத்தான் உருண்டை. பைக்குள்ள போறதுக்கு நாலரை செ.மீ. வில்லை, ஒண்ணரை செ.மீ. தடி. உருண்டை போட்டா பை முட்டிக்கினு நிக்கும், நடுவுல காத்துதான் இருக்கும், ஒரு கடி கடிச்சா எதிர்ல இருக்கறவர் சட்டைக்குப் போவும்.

எண்ணெய் 175 டிகிரி. துளி மாவு போட்டா அடி தொட்டுட்டு ரெண்டு மூணு விநாடில மேல வரணும். உடனே வந்து கருகுனா சூடு ஜாஸ்தி, வெளிய செவந்து உள்ள பச்சைக் கடலை வாசனை அடிக்கும். நாலு நிமிஷம். ஒருவாட்டிக்கு சட்டில பாதி இடம் காலியா இருக்கற மாதிரி போடுங்க.

முக்கியமா ஒண்ணு: பொரிச்சத ஹாட் பாக்ஸ்ல போட்டு மூடாதீங்க. பத்து நிமிஷத்துல ஆவி புடிச்சு மெதுவடை ஆயிடும். கம்பி ஸ்டாண்டு மேல திறந்தாப்ல. மதியமே 160ல ரெண்டரை நிமிஷம் அரை வேக்காடு பொரிச்சு வெச்சுக்கினு, விக்க விக்க 180ல ஒரு நிமிஷம் திருப்பிப் போட்டா கூட்டத்த சமாளிக்கலாம்.


தள்ளுவண்டி_36:

மேல சொன்னதெல்லாம் சரி, ஒரு விஷயத்துல மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். விழாவுல நின்னுக்கிட்டே, ஒரு கையில பிள்ளையைப் பிடிச்சுக்கிட்டுச் சாப்பிடுவாங்க. முழுப் பிட்டா 230 கிராம் உள்ளடக்கம், ரொட்டியோட 300 கிராமைத் தாண்டுது. நடுவுல பாதியா வெட்டி, ரெண்டு அரைநிலா ஆக்குங்க. வாய் முழு விட்டத்துக்கும் திறக்கும், அடைக்கறது சுலபம், ஆழம் கம்மிங்கறதால ஒரே அடுக்கு போதும், 110 கிராம். 30 பிட்டாவுல 60 ஆள் சாப்பிடலாம். குறை என்னன்னா அடியில போடத் துண்டு கிடைக்காது. அதுக்கு நாலஞ்சு பிட்டாவை எக்ஸ்ட்ரா சுட்டு, ரெண்டு விரல் பட்டையா வெட்டி வச்சுக்கோங்க.

மூணு பேரை இப்படி நிறுத்துங்க. முதல் ஆள் ஹாட் பாக்ஸ்லேருந்து எடுத்து, வெட்டி, திறந்து, ஹம்மூஸ் தடவறார். ரெண்டாவது ஆள் அடுப்புல ஃபலாஃபெல் திருப்பிப் போட்டு நாலு நாலா தட்டுல தர்றார். மூணாவது ஆள் அடுக்கி, சாஸ் பிழிஞ்சு, சுத்திக் கொடுக்கறார். காசு வாங்கற கை சாப்பாட்டைத் தொடக்கூடாது, அதுக்கு முதல் ஆளே வேண்டாம், நாலாவதா யாராவது ஒரு பிள்ளையை உக்கார வைங்க. முன்கூட்டி அடைச்சு அடுக்கி வைக்கற யோசனை வேண்டாம். எவ்வளவு பக்குவமா அடைச்சாலும் கால் மணி நேரம்தான் ஆயுசு. சாஸைக் கரண்டியில ஊத்தாம, தக்காளி சாஸ் ஊத்தற பிளாஸ்டிக் குப்பியில, மூக்கை 5 மி.மீ.க்கு வெட்டிப் பிழிஞ்சா அளவும் சரியா இருக்கும், சுவர்லயும் ஒழுகாது.

சுத்தறதுக்கு பட்டர் பேப்பர். அலுமினியம் ஃபாயில்ல முழுசா சுத்தினா ஆவி வெளிய போகாம ரொட்டி நனையும். 25 செ.மீ. சதுரக் காகிதம், பிட்டாவை மூலையில வச்சு, அடி மூலையை மேல மடிச்சு, ரெண்டு பக்கமும் இறுக்கி, வாய் திறந்தே இருக்கட்டும். அடியில மடிச்ச காகிதம் ரெண்டு அடுக்கா வரணும், அதுதான் முழங்கைக்குச் சாஸ் இறங்காம தடுக்கும். செய்தித்தாள் வேண்டவே வேண்டாம். சூடும் எண்ணெயும் பட்டா மை ரொட்டியில இறங்கும்.

யாராவது மயோனைஸ் கேப்பாங்க. பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8லிருந்து ஓராண்டுக்குத் தமிழ்நாடு அரசு தடை போட்டது. தடை இருக்கோ இல்லையோ, நம்ம வெயில்ல ரெண்டு மணி நேரம் மேசையில வைக்கற பொருள் இல்ல அது. பூண்டு சாஸ்தான் வேணும்னா லெபனான் தூம் அடிங்க, அதுல முட்டையே கிடையாது: பூண்டு 100 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், எண்ணெய் 300 மி.லி., எலுமிச்சைச் சாறு 40 மி.லி. பூண்டுக்குள்ள பச்சை முளை இருந்தா கீறி எடுத்துடுங்க. பூண்டு உப்பை விழுதாக்கிட்டு, எண்ணெயை நூல் மாதிரி ஊத்தணும், நடுநடுவே எலுமிச்சை. அவசரப்பட்டா பிரிஞ்சிடும். பூண்டும் எண்ணெயும் ஜில்லுன்னு இருந்தா பிரியாது. அடிச்சதை ஐஸ் டப்பா மேல வச்சுத்தான் விக்கணும்.


கல்மண்டபம்_அடுக்களை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அரைநிலா பண்ணிடறோம். இன்னும் ரெண்டு கேள்வி. ஃபலாஃபெல் வேண்டாம், மீன் இருக்கான்னு கண்டிப்பா கேப்பாங்க, எங்க பக்கத்து ஆளுங்க அப்படி. பிட்டாவுக்குள்ள எது நிக்கும்? முட்டை வச்சு ஏதாவது உண்டா? அப்புறம் ஸ்கூல் டிபன் பாக்ஸ்ல இதைக் கட்ட முடியுமா?


காசிமேடு_வலை:

சுறா புட்டு. வேற பேச்சே இல்ல அக்கா. முள்ளு கிடையாது, உதிரியா இருக்கும், தண்ணி விடாது. பைக்குள்ள அடைக்கறதுக்குன்னே செஞ்சது மாதிரி. வஞ்சிரம் வறுவல் முள்ளு எடுக்க நேரம் ஆகும், நெத்திலி வறுவல் சாஸ் பட்டதும் நமுத்துடும்.

சின்னதா பால் சுறாவாப் பாத்து வாங்குங்க, ஒரு கிலோ. மோந்து பாத்தா நவச்சார நெடி அடிச்சா வேண்டாம்; சுறா சதையில யூரியா உண்டு, மீன் பழசாக ஆக அதுதான் அந்த நெடியா மாறும். மஞ்சள், உப்பு போட்டு 10 நிமிஷம் வேக வச்சு, தோலை உரிச்சு, நடு எலும்பை எடுத்து, உதிர்த்து, துணியில போட்டு ஒட்டப் பிழியணும். இங்க பிழியாம விட்டா புட்டு ஆகாது, குழம்பு ஆகும். சின்ன வெங்காயம் 300 கிராம், பூண்டு 20 பல் பொடியா, பச்சை மிளகாய் 8, சோம்பு, கறிவேப்பிலை வதக்கிட்டு மீனைப் போட்டு, ஈரம் வத்தி உதிரும் வரைக்கும் சின்னத் தீயில கிளறுங்க. அரைநிலாவுக்கு 60 கிராம் போதும்.

இது வறட்சியான பூரணம்ங்கறதால சுவர்ல ஹம்மூஸுக்குப் பதிலா தஹினி சாஸையே கெட்டியாத் தடவலாம். லெபனான்ல மீனுக்குத் தஹினி ஊத்திச் சாப்பிடற பழக்கம் இருக்கு, பொருந்தும். மேல எலுமிச்சை பிழிஞ்ச வெங்காயம். தக்காளி வேண்டாம். மீன் தட்டும் ஃபலாஃபெல் எண்ணெயும் தனித்தனியா இருக்கணும், சைவம் சாப்பிடறவங்க வருவாங்க.


எள்ளுருண்டை:

முட்டைக்குச் சபீக் செய்யுங்கள். ஈராக்கிலிருந்து இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த யூதர்களின் பழக்கத்திலிருந்து வந்தது: பொரித்த கத்திரிக்காய், அவித்த முட்டை, தஹினி, சாலட், அம்பா. அந்த அம்பா வேறொன்றுமில்லை, மாங்காய் ஊறுகாய்தான். மாம்பழத்துக்கு மராத்தியில் ஆம்பா. அங்கே வெந்தயமும் மஞ்சளும் சேர்த்துத் தளர்வாகச் செய்வார்கள். நம் வீட்டு மாங்காய்த் தொக்கிலும் அதே வெந்தயமும் மஞ்சளும் இருக்கின்றன, காரம்தான் கூடுதல். ஒரு பங்கு தொக்கு, ஒரு பங்கு வெந்நீர் கலந்து, மேலே மிதக்கும் எண்ணெயை எடுத்துவிட்டு, அரைநிலாவுக்கு ஒரு டீஸ்பூன். ஆவக்காய் வேண்டாம், கடுகும் எண்ணெயும் தஹினியை அமுக்கிவிடும்.

கத்திரிக்காயில் பெரிய, விதை குறைந்த ரகம். ஒரு செ.மீ. வில்லை, இரண்டு பக்கமும் உப்புத் தடவி அரை மணி நேரம், துடைத்து, பொன்னிறத்தைத் தாண்டிச் செம்பழுப்பு வரும் வரை பொரிக்கவும். பாதி வெந்தது தோல் மாதிரி இழுபடும், கடித்தால் முழு வில்லையும் வெளியே வந்துவிடும். பொரித்ததை வடிதட்டில் பத்து நிமிடம் நிறுத்திவைத்தால்தான் குடித்த எண்ணெய் இறங்கும். முட்டையைக் கால் கால் துண்டாக இல்லாமல் வட்ட வில்லையாக வெட்டுங்கள், சுவரோடு படியும். வரிசை: கத்திரிக்காய் வில்லை இரண்டு, முட்டை பாதி, சாலட், தஹினி, மாங்காய்.


இரும்புக்கல்:

டிபன் பாக்ஸ்: அடைச்சுக் கட்டாதீங்க. காலையில 8 மணிக்கு அடைச்சது 12:30க்குப் பிரிச்சா களி. ஹம்மூஸ் மட்டும் உள்சுவர்ல தடவி, பிட்டாவைக் காகிதத்துல சுத்தி ஒரு டப்பா. ஃபலாஃபெலோ சுறா புட்டோ முழுசா ஆறினதும் இன்னொரு டப்பா. சூட்டோட மூடினா மூடியில வேர்த்த தண்ணி மொத்தமும் மேல சொட்டும். வெள்ளரி பொடியா வெட்டாம நீளத் துண்டா, உப்பு இல்லாம. தஹினி சின்ன மூடி டப்பாவுல. பிள்ளைங்க தாங்களே அடைச்சுப்பாங்க, ரெண்டு நிமிஷ வேலை. தயிர் சேர்த்த சாஸ் மட்டும் மதியம் வரைக்கும் வெளிய வைக்கறதுக்கு அனுப்பாதீங்க, புளிச்சு நுரைக்கும்.

விழா அன்னிக்கு மழை ஈரம் இருந்தா ஹாட் பாக்ஸ் துணியை அரை மணிக்கு ஒரு தரம் மாத்துங்கக்கா. துணி நனைஞ்சுதுன்னா மேல இருக்கற ரெண்டு பிட்டா சொதசொதன்னு ஆகி, பிளக்கும்போதே போயிடும்.